மாட்டுங்கா மாடியில் ஓர் அசைவு வகுப்பு: புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு ஒரு டீச்சரின் அனுபவம்

2024 செப்டம்பரில் சேர்ந்தேன். 8 வாரத்துக்கு என்று பணம் கட்டினேன். அது முடிந்ததும் மறுபடி கட்டினேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் இருவரும் என் நாத்தனாரும் அந்த வகுப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பதால், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பம்பாயில் மாட்டுங்கா கிழக்கில், மகேஸ்வரி உத்யான் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. புதன் மாலை ஐந்தரைக்கும் ஞாயிறு காலை எட்டுக்கும் ஒவ்வொரு மணி நேரம். 16 வகுப்புக்கு 5,600 ரூபாய். சிகிச்சை இன்னும் முடியாதவர்களுக்குப் பாதிக் கட்டணம். புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வகுப்பு. நடத்துகிறவர் முதலில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவர், மராத்திக்காரர், 45 வயது இருக்கலாம். மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். இடம் சின்னது, கூட்டம் சேர்ந்தால் தாங்காது, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. நீங்கள் இருக்கும் பக்கத்தில் இப்படி ஒன்றைத் தேடினால் எதை எல்லாம் கவனிக்க வேண்டும் என்று தெரிய இது உதவினால் போதும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் 5-ஆம் வகுப்பு டீச்சர். வீடு பாண்டுப்பில். 2023 ஜூனில் வலது மார்பில் அறுவை சிகிச்சை, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ: சிவப்பு மருந்து 3 வாரத்துக்கு ஒருமுறையாக 4 தடவை. அதற்கு மேல் பாக்ளிடாக்ஸல், வாரம் ஒன்றாக 12. கடைசியாக 15 நாள் கதிர்வீச்சு. இப்போது தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைப்பது. 2024 ஜூனில் பள்ளி திறந்த அன்று நானும் வேலைக்குத் திரும்பினேன்.

திரும்பிய முதல் நாளே கரும்பலகையில் மாட்டிக்கொண்டேன். பலகையின் மேல் விளிம்பில் தேதியும் கிழமையும் எழுத வேண்டும். கை தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. வலியென்று சொல்ல முடியாது, ஏதோ உள்ளேயிருந்து பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. சாக்பீஸ் விரலில் இருக்கிறதா இல்லையா என்பதும் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மரத்திருந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் நான் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தேதியை எழுதினாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

மருத்துவமனையில் கொடுத்த பயிற்சித் தாள் என்னிடம் இருந்தது. சுவரில் விரல்களை மேலே மேலே நடத்துவது, ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவது எல்லாம் அதில் இருந்தது. தாளில் ஒரு குறையும் இல்லை. செய்யவும் செய்தேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண்ணி முடித்தால் போதும் என்று செய்தேன். சுவரில் விரல் எட்டும் உயரம் கொஞ்சம் ஏறும், மறுநாள் இறங்கிவிடும். பக்கத்தில் ஒரு யோகா வகுப்புக்கும் போய்ப் பார்த்தேன். என்ன சிகிச்சை நடந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாளே கைகளைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லி, பின்னாலிருந்து முதுகை அழுத்தினார்கள். ராத்திரி வளையல் இறுகியது, காலையில் வலது முன்கை வீங்கியிருந்தது. நிணநீர் முடிச்சுகளை எடுத்த கைக்குத் திடீர்ச் சுமை ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். அதை நான் தெரிந்துகொண்ட வழி இது. வீக்கம் வடிய 3 வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கையை உடம்போடு ஒட்டி வைத்தபடியே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் மாட்டுங்கா வந்தேன்.

முதல் வகுப்பில் ஒன்றுமே செய்யச் சொல்லவில்லை. மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, உடம்பின் எந்த இடம் தரையைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார் தாயி. இடது தோள்பட்டை ஒரு தோசைக்கல் மாதிரி தரையில் பதிந்து கிடந்தது. வலது தோள் தரையிலேயே இல்லை. நான் கீழே போடவில்லை, தூக்கி வைத்திருந்தேன். 15 மாதமாகத் தூக்கி வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. அவர் வந்து தோளுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மடித்த துண்டைச் செருகினார். தோளுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையில் அது வழக்கம்தான் என்று பின்னால் தெரிந்தது.

காயம் பட்டால் சுற்றியிருக்கும் தசைகள் இறுகி அந்த இடத்தைக் காக்கும் என்று வகுப்பு முடிந்து விளக்கினார். காயம் ஆறிய பிறகும் மூளை அந்த உத்தரவைத் திரும்ப வாங்காமல் இருக்கலாம். அந்த நிலையில் பலமாக இழுத்தால் மூளை அதை இன்னொரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கும். வலிக்கும் எல்லைக்கு வெகு முன்னாலேயே நிறுத்தி, மெதுவாக, திரும்பத் திரும்ப அசைத்தால் அந்த அசைவில் ஆபத்து இல்லை என்ற சேதி மேலே போகும். இழுப்பது, நீட்டுவது என்ற பேச்சே அவர் வகுப்பில் கிடையாது. உங்களால் முடிந்ததில் கால்வாசி மட்டும் செய்யுங்கள் என்பார். ஒருக்களித்துப் படுத்து தோளை ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால். 6 தடவை. பிறகு கையைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு. ஓய்வை அவர் ஒருநாளும் சுருக்கியதில்லை. சில நாள் இடது பக்கம் மட்டும் அசைத்துவிட்டு வலது பக்கம் அசைவதாக மனதில் பார்க்கச் சொல்வார். அதைச் செய்துவிட்டு எழுந்தால் வலது தோளும் லேசாகியிருக்கும். முதல் தடவை நம்பவே முடியவில்லை.

இந்த முறையில் ஒரு பங்கு மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவருடையது. 1904-ல் பிறந்து 1984-ல் மறைந்தவர். இயற்பியல் படித்த பொறியாளர், ஜூடோவில் கறுப்பு பெல்ட். முழங்கால் கெட்டுப்போனபோது தன் உடம்பையே பாடமாக வைத்து, சின்ன அசைவுகளும் கவனமுமாக இதை உருவாக்கினார். இன்னொரு பங்கு யோகா. பெல்ட், நாற்காலி, மடித்த போர்வை வைத்து உடம்புக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றும் பழக்கம் பி.கே.எஸ். ஐயங்கார் வழியாக வந்தது. கோலார் பக்கத்து பெல்லூரில் பிறந்து புனேயில் இருந்து சொல்லிக்கொடுத்தவர். தாயி எதையும் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை, எது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியே ஆரம்பிப்பார். அதில் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

மூச்சுக்கு வருகிறேன். 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகிறது. இதில் என்ன புதுமை என்றுதான் நானும் நினைத்தேன். அவர் முதலில் நாடியைப் பிடிக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். விரலுக்கடியில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வேகத்தைக் குறைக்கும் வேலையைச் செய்வது வேகஸ் நரம்பு. மூளையிலிருந்து நேராகப் புறப்படும் 12 இணை நரம்புகளில் 10-ஆவது. கழுத்து வழியாக இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலைந்து போவதால் லத்தீனில் அலைகிறவர் என்று பெயர். இதில் இருக்கும் இழைகளில் பெரும்பகுதி கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று மூளைக்குச் சொல்கிறவை. பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆபத்தென்றால் முடுக்கிவிடுவது முதலாவது, அடக்கி அமர்த்துவது இரண்டாவது, வேகஸ் அதைச் சேர்ந்தது. பயாப்ஸி சொன்ன நாளிலிருந்து என் உடம்பில் முதலாவதே ஓடிக்கொண்டிருந்தது. பயப்படாதே என்று எத்தனை பேர் சொன்னாலும் அது இறங்கவில்லை. சொல்லுக்கு அது கீழ்ப்படியாது. மூச்சை நீளமாக விட்டால் கொஞ்சம் கேட்கிறது. மறுநாள் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். 38 பிள்ளைகளும் மூச்சுவிடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மொழி எனக்குப் பெரிய தடையாக இருந்தது. தாயி இந்தியிலும் மராத்தியிலும் பேசுவார், நடுநடுவே ஆங்கிலம். 26 வருடம் பம்பாயில் இருக்கிறேன், புரியாமல் இல்லை. ஆனால் 'சாஃப்ட் கர்லோ', அதாவது மென்மையாக்கிக்கொள், என்றால் மண்டைக்குப் புரிகிறது, தோளுக்குப் புரியவில்லை. எனக்குப் பக்கத்துப் பாயில் ஒரு மாமி, பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், 68 வயது. கருப்பைப் பக்கத்தில் வந்து, பெரிய அறுவை முடிந்து 4 வருடமாயிற்று. ஒருநாள் நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது, பாயிலிருந்தே, "ஏன் இப்படிக் கெட்டியா பிடிச்சுண்டிருக்கே கொழந்தே? இளக்கிவிடு. வெல்லம் இளகறாப்பல இளகட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் தாடை தானாக இறங்கியது. தாடையும் இறுகியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பாகு இளகுவதைக் கண்ணால் பார்த்துக் கையால் கிண்டி வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லுக்கு என் உடம்பில் ஒரு பழக்கம் இருக்கிறது. அன்று சாயங்காலமே தாயி சொல்லும் வழிமுறை எல்லாவற்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தளர்த்து, இளக்கு, தொங்கவிடு, சாய்த்து வை, தரைக்குக் கொடு. வீட்டில் செய்யும்போது அதை நானே போனில் வாசித்துப் பதிவு செய்து கேட்கிறேன். வேறு மொழியில் நடக்கும் வகுப்புக்குப் போகிறவர்கள் கண்டிப்பாக இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாயோடு எல்லோருக்கும் ஒரு மஞ்சள் துணிப்பட்டை தருவார்கள். அது தலைமாட்டில் இருந்தால் தொட்டுத் திருத்தலாம், கால்மாட்டில் இருந்தால் தொட வேண்டாம் என்று பொருள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டார்கள். ஒன்றரை வருடம் என் உடம்பை ஊசி போடவும், அழுத்திப் பார்க்கவும், கோடு போடவும், இயந்திரத்துக்குள் தள்ளவும் பிறர் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் என் நல்லதுக்கு, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் 5 வகுப்பு என் பட்டை கால்மாட்டிலேயே கிடந்தது. 6-ஆவது வகுப்பில் தலைமாட்டுக்கு மாற்றினேன். இந்த வகுப்பில் ஒரே ஒரு விஷயத்தைப் பாராட்டச் சொன்னால் இந்த மஞ்சள் துணியைத்தான் சொல்வேன்.

கால் கதை தனி. பாக்ளிடாக்ஸல் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைப் பிடித்து உறையவைத்து, புற்று செல் பிரிவதைத் தடுக்கிறது. நரம்புகளுக்குள்ளும் அதே குழல்கள்தான் சரக்குப் பாதை. அதனால் நீளமான நரம்புகளின் நுனி முதலில் அடிபடுகிறது. கால்விரலுக்குப் போகும் நரம்பு முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. எனக்குக் கையுறையும் காலுறையும் போட்ட இடம் மட்டும் மரத்த மாதிரி இருந்தது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஆடும். காரணம், பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவலும் அதே நரம்புகளில்தான் போகிறது.

இந்த ஊரில் இதற்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு, நான் விளக்க வேண்டியதில்லை: லோக்கல் ரயில். சிகிச்சை நாட்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் ஒதுக்கிய பெட்டியில்தான் போனேன். அப்படி ஒரு பெட்டி இருப்பது பலருக்கு இன்னும் தெரியாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பிய பின் பெண்கள் பெட்டிக்கு மாறினேன். பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துத்தான் கால் வைப்பேன். பின்னால் வருகிறவர்கள் முதுகில் இடிப்பார்கள்.

வகுப்பில் ஒவ்வொரு ஞாயிறும் கடைசி 15 நிமிடம் காலுக்கு. சுவரோரமாக நின்று, கயிற்று மிதியடி, சாக்கு, டர்க்கித் துண்டு என்று ஒவ்வொன்றிலும் வெறும் காலோடு நின்று வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். டென்னிஸ் பந்தைப் பாதத்துக்கடியில் உருட்ட வேண்டும். எடையைக் குதிகாலிலிருந்து கட்டைவிரலுக்கு மெதுவாக நகர்த்த வேண்டும். பிறகு ஒற்றைக் கால், ஒரு விரல் சுவரில். கைக்கு, ஒரு பாத்திரம் நிறைய அரிசிக்குள் சட்டைப் பொத்தான்களைப் புதைத்து, பார்க்காமல் தேடி எடுக்கும் பயிற்சி. எதிர்ப்பக்கம் ஒரு குஜராத்திக்காரர், குடலில் வந்து ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர். அந்த மருந்து குளிர்ச்சியை வலியாக்கிவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்பார். அவருக்காக அரிசியை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தார் தாயி. முதல் வாரம் எனக்கு 10 பொத்தானில் 3 கிடைத்தது. 20-ஆவது வாரம் 9.

இதெல்லாம் நரம்பைத் திரும்ப முளைக்க வைக்குமா என்று கேட்டேன். நரம்பு மெதுவாகத்தான் வளரும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல, எல்லோருக்கும் முழுசாகத் திரும்பாது என்றார். மீதமிருக்கும் தகவலை மூளை நன்றாகப் படிக்கப் பழக்கலாம், அதுவரை விழாமல் இருக்கப் பழக்கலாம் என்றார். மரத்த காலில் காயம் பட்டால் தெரியாது, தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், குளிக்கும் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள் என்று வகுப்புதோறும் சொல்வார். வாக்குறுதி குறைவாகவும் எச்சரிக்கை நிறையவும் கொடுக்கிறவரை நம்பலாம் என்பது என் எண்ணம்.

டீச்சர் அல்லவா, ஆதாரம் கேட்டேன். இரண்டு காட்டினார். ஒன்று 2014-ல் வெளியானது. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையும் பெங்களூரு எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கதிர்வீச்சில் இருந்த 163 மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்தது. ஒரு குழு யோகா, ஒரு குழு வெறும் நீட்டிமடக்கும் பயிற்சி, ஒரு குழு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தது. களைப்பு முதல் இரண்டு குழுவுக்குமே குறைந்தது. ஆனால் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு காலையிலிருந்து ராத்திரிக்குள் எவ்வளவு நன்றாக இறங்குகிறது என்று பார்த்தபோது யோகா குழுவே முன்னால் இருந்தது. மற்றது 2009-ல் வந்தது, கை வீக்கம் உள்ள 141 பெண்கள். மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கியதால் வீக்கம் கூடவில்லை என்று கண்டது. இதைப் படித்த பிறகுதான் நோட்டுக் கட்டை வலது கையில் எடுக்கும் தைரியம் வந்தது. முதலில் 5 நோட்டு, அப்புறம் 10. அறுவைக்குப் பின் இந்தக் கையால் எதையுமே தூக்காதே என்று சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களின் கையைப் பலவீனமாக்கியிருக்கிறோம் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

2025 ஜனவரியில் மாம்மோகிராம் இருந்தது. முந்தின ராத்திரி எப்போதும் தூக்கம் வராது. இந்தத் தடவையும் வரவில்லை. ஆனால் 2 மணிக்குப் படுக்கையில் கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்து, முதுகில் எந்த இடம் மெத்தையைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். பயம் இருந்தது. அதன் பக்கத்தில் குதிகாலும் இருந்தது, வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 4 மணிக்கு மேல் கொஞ்சம் கண் அயர்ந்தேன். முந்தைய வருடம் அந்த ராத்திரியை நான் உட்கார்ந்தே கழித்தவள்.

2025 ஜூனில் பள்ளி திறந்த அன்று பலகையின் மேல் விளிம்பில் நானே தேதி எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல். முந்தின வருடம் எழுதிய பெண் 6-ஆம் வகுப்புக்குப் போய்விட்டாள். இடைவேளையில் வந்து பலகையைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், "டீச்சர், ஸ்டூல் எங்க?" என்று கேட்டாள்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான மதிப்புரை ஆகாது. முதலாவது மாடிப்படி. லிஃப்ட் இல்லை, 41 படி. கீமோ நடுவில் இருப்பவர்களுக்கு இது பெரிய மலை. கீழே ஒரு நாற்காலியாவது போடச் சொல்லிச் சொல்லி இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். 12 பேர் என்று ஆரம்பித்த வகுப்பு சில ஞாயிறு 17 ஆகிறது. அப்போது எல்லோர் தோளையும் தாயியால் பார்க்க முடிவதில்லை. வீட்டுப் பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. சயான் கோலிவாடாவிலிருந்து வந்த ஒரு தங்கை அதை வாங்கி மடித்துப் பையில் வைத்ததோடு சரி. என் தமிழ் நோட்டை நகலெடுத்துக் கொடுத்தேன், இப்போது தாயியே அதை வைத்திருக்கிறார்.

பெரிய குறை ஒன்று உண்டு. டிசம்பரில் ஒரு ஞாயிறு, தாயி ஊரில் இல்லாதபோது வேறொருவர் வந்து வெண்கலக் கிண்ணம் தட்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஓசை நன்றாகத்தான் இருந்தது. நடுவில், அடக்கி வைத்த கோபம்தான் மார்பில் கட்டியாக வருகிறது, மன்னித்துவிட்டால் கரையும் என்றார். என் பக்கத்தில் இருந்த பெண்ணின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். எழுந்து நின்று, இதைச் சொல்லாதீர்கள், நாங்கள் எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். குரல் நடுங்கியது, பரவாயில்லை. தாயி வந்ததும் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்டார், அவரை மறுபடி அழைக்கவில்லை. நரம்பை அமைதிப்படுத்தினால் உறக்கம், வலி, களைப்பு, பயம் இவற்றோடு வாழ்வது எளிதாகும். கட்டி கரையாது. கட்டிக்கு வைத்தியம் மருத்துவமனையில்தான். எங்கே போனாலும் இதை மாற்றிச் சொல்கிறவர்கள் இருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

இந்த வகுப்பு மட்டும் போதாது என்பதையும் தாயியே சொல்வார். லெட்ரோசோல் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், மூட்டுகளை இறுக்கும். எலும்புக்கு எடை வேண்டும், இதயத்துக்கு வேகம் வேண்டும். அதனால் வாரத்தில் 4 நாள் சயானில் இறங்கிப் பள்ளிவரை வேகமாக நடக்கிறேன், ஒரு கிலோ டம்பல் வைத்திருக்கிறேன். எலும்புக்கு நோய் பரவியவர்கள், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், அறுவைக் காயம் ஆறாதவர்கள் தங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால்தான் சேர்ப்பார்கள். முதல் நாள் அரை மணி நேரம் கேள்வி கேட்பார்: எந்த மருந்து, எந்தப் பக்கம், எங்கே மரத்திருக்கிறது, எதற்குப் பயம். இந்தக் கேள்விகள் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில்லறை விவரங்கள். மாட்டுங்காவில் ஃபாஸ்ட் ரயில் நிற்காது, ஸ்லோவில் வாருங்கள். ஞாயிறு மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் நேரம், தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும், ஆனால் வகுப்பு முடிந்து நாங்கள் 5, 6 பேர் கஃபே மெட்ராஸ் வரிசையில் நின்று ஃபில்டர் காபி குடிக்காமல் கிளம்புவதில்லை. மாமிதான் எப்போதும் பெயர் கொடுப்பார். சொந்தமாக ஒரு பருத்தி விரிப்பு கொண்டுவாருங்கள், முன்பக்கம் பித்தான் வைத்த தளர்ந்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். கீமோவில் இருப்பவர்களுக்கு வாசனையே குமட்டும். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பூக்கடைகளில் மல்லிகை பந்து பந்தாக வைத்திருப்பார்கள், தாண்டி வருவது கஷ்டம்தான். திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.